ஹக்கா, சௌமெய்ன், லோமெய்ன், சிங்கப்பூர்… எல்லாம் ஒரே நூடுல்ஸ்தானா?

பாளை அடுப்படி:
பாளையங்கோட்டையில் ஒரு கடை மெனுவில் ஹக்கா, சௌமெய்ன், லோமெய்ன், சிங்கப்பூர், சாப்சூயி என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள், விலையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. ஆளுக்கொன்றாக வாங்கிப் பார்த்தால் நிறத்தைத் தவிர ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதே முட்டைக்கோஸ், அதே குடைமிளகாய், அதே சோயா சாஸ். நிஜமாகவே வேறு வேறு பண்டமா, பெயரை மாற்றிக் காசு வாங்குகிறார்களா? வீட்டில் செய்ய வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்பைக்காரன்:
வேறு வேறுதான் அக்கா. முதலில் மாவைப் பாருங்கள். சீனாவில் வடக்கே கோதுமை, தெற்கே அரிசி. சௌமெய்னும் லோமெய்னும் கோதுமை நூடுல்ஸ், பெரும்பாலும் முட்டை சேர்த்தது. செய்முறையில்தான் பிரிகின்றன. சௌமெய்னுக்கு முக்கால் வேக்காட்டில் வடித்து, ஈரம் போக உலரவிட்டு, புகை கிளம்பும் சட்டியில் வறுக்க வேண்டும், அங்கங்கே முறுகலாம், முறுகினால்தான் ருசி. லோமெய்னுக்கு நன்றாக வேகவைத்து, கடைசியில் சாஸில் ஒரு புரட்டு, அவ்வளவுதான், வறுவல் கிடையாது. இது அமெரிக்கச் சீனக் கடைகளின் வழக்கம். ஹாங்காங்கில் லோமெய்ன் கேட்டால் வெந்த நூடுல்ஸைத் தட்டில் சாஸோடு வைத்து, சூப்பைத் தனிக் கிண்ணத்தில் கொடுப்பார்கள்.

சிங்கப்பூர் நூடுல்ஸ் மெல்லிய அரிசிச் சேமியா, மஞ்சள் நிறம் கறிப்பொடியால் வருவது. அது சிங்கப்பூரில் பிறந்ததே இல்லை, ஹாங்காங் சரக்கு! கோதுமை நூடுல்ஸில் மஞ்சள்தூளைத் தூவி அந்தப் பெயரில் கொடுத்தால் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

தென்காசி மாஸ்டர்:
கடைக்காரன் கஷ்டத்தையும் கேளுங்க. மத்தியானமே பாக்கெட் நூடுல்ஸை மொத்தமாக வேகவைத்து, எண்ணெய் தடவி டிரேயில் பரப்பிவிடுவோம். சாயங்காலம் எந்த ஆர்டர் வந்தாலும் அதில்தான் அள்ளுவது. மிளகுத்தூளும் சோயாவும் போட்டால் ஹக்கா, சிவப்புச் சட்னி விழுந்தால் செஷ்வான். லோமெய்னை முறைப்படி ஈரமாகக் கொடுத்தால் "என்ன அண்ணாச்சி, கொழகொழன்னு இருக்கு" என்று தட்டு திரும்பி வருகிறது, அப்புறம் நாங்கள் என்ன செய்ய? சாப்சூயி மட்டும் ஏமாற்ற முடியாது. நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து, மேலே இனிப்பும் புளிப்புமாகக் குழம்பு ஊற்ற வேண்டும்.

அம்பைக்காரன்:
மாஸ்டர் சொல்வது நியாயம்தான். நம் ஊர் ஹக்கா நூடுல்ஸே கொல்கத்தாப் பிறப்பு. ஹக்கா என்ற சீனச் சமூகத்து மக்கள் அங்கே குடியேறி, டாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழிலும் சாப்பாட்டுக் கடையும் நடத்தினார்கள், அந்தச் சமையல் நம் ஆட்களின் நாக்குக்கு ஏற்ப மாறி நாடு முழுக்கப் பரவியது. சீனாவில் போய்க் கேட்டால் இந்தத் தட்டு வராது.

கடையம் சோறு:
லான்சோ நூடுல்ஸை விட்டுவிட்டீர்களே! லான்சோ, சீனாவின் கான்சு மாகாணத்துத் தலைநகர். மாட்டிறைச்சிச் சூப்பில் கையால் இழுத்த நூடுல்ஸ், ஹுயி என்ற சீன முஸ்லிம்களின் கைப்பக்குவம். பரோட்டா மாஸ்டர் மாவை வீசுவது மாதிரி இவர்கள் இழுத்து இழுத்து மடிக்கிறார்கள், ஒவ்வொரு மடிப்புக்கும் இழை இரட்டிப்பாகிறது. அறுந்து போகாமலிருக்க மாவில் கார உப்பு (மிளகாய்க் காரம் அல்ல, சோடா மாதிரியான ஆல்கலி) சேர்ப்பார்கள். பல சீன நூடுல்ஸில் மஞ்சள் நிறமும் அந்தத் துள்ளலும் முட்டையால் அல்ல, அந்தக் கார உப்பால் வருவது.

வீட்டுக்கு ஒரு வழி: ஆப்பச்சோடாவைத் தட்டில் பரப்பி ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வையுங்கள், சோடியம் கார்பனேட்டாக மாறிவிடும். மாவில் சிட்டிகை போதும். வெறுங்கையால் தொட வேண்டாம், தோல் எரியும்.

பாளை அடுப்படி:
சரி, மாவு பிசையும் பொறுமையெல்லாம் எனக்கில்லை. ஹக்கா என்று போட்ட பாக்கெட்டிலேயே லோமெய்ன் வருமா?

தென்காசி மாஸ்டர்:
வரும் அக்கா. எண்ணெய் தடவிக் காயவைக்காமல், காய்கறியைத் தனியே வதக்கிவிட்டு, வடித்த சூட்டோடு நூடுல்ஸைச் சாஸில் போட்டுப் புரட்டி உடனே இறக்குங்கள். சௌமெய்ன் வேண்டுமென்றால் ஒருத்தருக்கான அளவு மட்டும் சட்டியில் போடுங்கள், வீட்டு அடுப்பில் மொத்தமாகக் கொட்டினால் வறுபடாது, ஆவியில் வெந்து குழைந்துவிடும்.