திரையில் 10 டிகிரி, புல்லியில் எத்தனை?

தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவைத் தனியாக வாங்கிப் பொருத்தியவர்கள், அடிப்படை டைமிங்கை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் தீப்பொறி விழுகிறது என்பதை, எப்படிச் சரிபார்த்தீர்கள், எங்கே இடறினீர்கள் என்று எழுதுங்கள். என் அனுபவத்தை முதலில் வைக்கிறேன்.

நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கில் 36-1 பல்சக்கரம். ஒரு பல்லுக்கு 10 டிகிரி, ஒரு பல் மட்டும் இல்லை. அந்த இடைவெளி சென்சாரைக் கடப்பதை வைத்துத்தான் இசியு கணக்கைத் தொடங்குகிறது. ஆனால் அங்கிருந்து முதல் பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி ஆகும் என்பது அதற்குத் தெரியாது. அந்தக் கோணத்தை நாம்தான் சொல்ல வேண்டும். நாம் தவறாகச் சொன்னால் டைமிங் அட்டவணையில் உள்ள ஒவ்வோர் எண்ணும் அதே அளவுக்குத் தவறிவிடும்.

மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டினேன். பூட்டாவிட்டால் ஐடில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் மெல்ல ஓடும் நிலை) திருத்தம், வெப்பநிலைத் திருத்தம் என்று எண் ஓடிக்கொண்டே இருக்கும்; ஒப்பிடவே முடியாது. தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை, கிராங்க்கின் முனையில் உள்ள புல்லியின் குறிமேல் அடித்தேன். புல்லியிலும் 10. மனநிறைவோடு பூட்டைத் திறந்துவிட்டு வண்டியை ஓட்டத் தொடங்கினேன்.

ஒரு வாரத்தில் சந்தேகம் வந்தது. வண்டியில் இழுவை இல்லை. ஒரு நாள் இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மங்கிய சிவப்பில் கனன்றுகொண்டிருந்தது. எரிபொருள் கலவைதான் காரணம் என்று நினைத்து இரண்டு நாள் அந்த அட்டவணையோடு போராடினேன். குற்றம் புல்லியில் இருந்தது. அதிர்வை அடக்குவதற்காக நடுப்பகுதிக்கும் வெளிவளையத்துக்கும் இடையே ரப்பர் வைத்த புல்லி அது. ரப்பர் இற்றுப்போய் வெளிவளையம் நழுவியிருந்தது. டைமிங் குறி இருப்பதோ அந்த வெளிவளையத்தில்.

உண்மையான உச்சியைக் கண்டுபிடிக்க ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டுப் பார்ப்பது போதாது. உச்சியை ஒட்டிய சில டிகிரிகளுக்குப் பிஸ்டன் அசையாததுபோலவே நிற்கும். நான் ஒரு பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அதில் முனை மழுங்கிய போல்ட்டைப் பற்றவைத்து ஒரு தடுப்பு செய்தேன். பேட்டரியைத் துண்டித்து, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, முதல் சிலிண்டரில் தடுப்பை முடுக்கினேன். பிறகு ஸ்பேனரால் கிராங்க்கை மெல்லத் திருப்பினேன். பிஸ்டன் தடுப்பில் முட்டியதும் புல்லியில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் திருப்பி மறுபடி முட்டியதும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவே இருப்பதுதான் உச்சி.

என் புல்லியின் விட்டம் 150 மில்லிமீட்டர். அதன் விளிம்பில் ஒரு டிகிரி என்பது சுமார் 1.3 மில்லிமீட்டர். பழைய குறிக்கும் நான் கண்டுபிடித்த உச்சிக்கும் இடையே 18 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அதாவது 14 டிகிரி. உச்சிக்கு 10 டிகிரி முன்னால் என்று நான் நம்பியிருந்த தீப்பொறி, உச்சியைத் தாண்டி 4 டிகிரியில் விழுந்துகொண்டிருந்தது. பிழை எதிர்த்திசையில் இருந்திருந்தால் சுமையேறும்போது நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) வந்து பிஸ்டனே உடைந்திருக்கும். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

* * *

நண்பரே, எனக்குப் புல்லி சரியாகத்தான் இருந்தது, ஏமாற்றியது லைட். பின்பக்கம் டயல் உள்ள வகை. டயலைத் திருப்பிக் குறியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால், டயல் காட்டுவதுதான் அட்வான்ஸ், அதாவது உச்சிக்கு எத்தனை டிகிரி முன்னால் என்பது. ஆனால் என் இன்ஜினில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் இரண்டு சிலிண்டருக்கு ஒன்றுதான். வெளியேற்ற வீச்சிலும் ஒரு வீண் தீப்பொறி உண்டு. என் லைட் அதையும் எண்ணி இன்ஜின் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுவதாக நினைத்துக்கொண்டது. 10 டிகிரியை 20 என்று காட்டியது. நான் அதை நம்பி இசியுவில் கோணத்தை மாற்றினேன். டயலில் 10 வந்தபோது உண்மையில் இருந்தது 5.

இப்போது டயலைப் பூஜ்யத்திலேயே விட்டுவிட்டு, புல்லியில் வெள்ளைப் பெயின்ட்டால் நானே போட்ட 10 டிகிரிக் கோட்டை நேராகப் பார்க்கிறேன். லைட் அடிக்கும்போது சுழலும் புல்லி அப்படியே நின்றுவிட்டதுபோலத் தெரியும். ஃபேனும் சில வேளை அப்படித்தான். தயவுசெய்து கையையும் ஒயரையும் விலக்கி வையுங்கள்.

* * *

நீங்கள் இருவரும் ஐடிலில் மட்டும்தானா பார்த்தீர்கள்? எனக்கு ஐடிலில் எல்லாம் பொருந்தியது. டைமிங்கைப் பூட்டியபடியே 4000 ஆர்பிஎம்முக்கு ஏற்றியபோது குறி மெல்ல நகரத் தொடங்கியது. இன்னும் ஏற்றினால் இசியு பல்லின் எண்ணிக்கையையே தவறவிட்டது. காந்தச் சுருள் வகைக் கிராங்க் சென்சாரின் இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருந்தன. இந்த வகைச் சென்சாரில் பல் சரியாக நேரே வரும் கணத்தில் மின் அலை செங்குத்தாகப் பூஜ்யத்தைக் கடக்க வேண்டும். இசியு பிடித்துக்கொள்வது அந்தக் கணத்தைத்தான். ஒயர் மாறினால் அது வேறோர் இடத்தில், சரிவான பகுதியில் போய்ப் பிடிக்கிறது. வேகம் கூடக்கூட அந்த இடமும் நகர்கிறது.

ஒயர்களை மாற்றிய பிறகு கோணத்தை முதலிலிருந்து மறுபடி அமைக்க வேண்டியிருந்தது. பழைய எண் இனி பொருந்தாது. இதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகும் சிறு நகர்வு மிஞ்சியது. இசியு கட்டளையிட்டதற்கும் தீப்பொறி விழுவதற்கும் இடையே உள்ள தாமதம் அது. 50 மைக்ரோவினாடி என்றால் 1000 ஆர்பிஎம்மில் 0.3 டிகிரி, 6000-இல் 1.8 டிகிரி. இதற்கென்று பல இசியுக்களில் தனி அமைப்பு இருக்கிறது. குறியைப் பார்த்துக்கொண்டே அந்த எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன்.

* * *

முதலில் எழுதியவன்தான். மேலே நண்பர் கேட்டதும் உறுத்தியது, உண்மையில் நான் ஐடிலில் மட்டும்தான் பார்த்திருந்தேன். இன்று பூட்டிவைத்து 4000 வரை ஏற்றினேன். குறி ஒரு டிகிரி பின்வாங்கியது. தாமத அமைப்பைத் திறந்தால் அதில் பூஜ்யம். நான்கைந்து முறை திருத்திய பிறகு கோடு ஐடிலிலும் 4000-இலும் ஒரே இடத்தில் நிற்கிறது. மேனிஃபோல்டை நாளை இருட்டிய பிறகு மறுபடி பார்த்துவிட்டு எழுதுகிறேன்.