விளக்கு வைத்த பின் கைபேசியின் கட்டளையை ஏற்காத ஏசி: உதவி தேவை

மேற்கு மாம்பலம் மகள்

வணக்கம். என் தந்தைக்கு வயது 72. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய வலக்கை சரியாக இயங்குவதில்லை. ஏசி, மின்விசிறி, தொலைக்காட்சி, செட்டாப் பாக்ஸ் ஆகிய நான்குக்கும் உரிய ரிமோட்டுகளைக் கட்டிலில் துழாவி எடுத்து, அவற்றின் சின்னஞ்சிறு பொத்தான்களை இடக்கையால் அழுத்துவது அவருக்குப் பெரும் சிரமமாக இருந்தது. அதனால் எல்லாவற்றையும் கைபேசியிலிருந்தே இயக்க உதவும் வைஃபை ரிமோட் பெட்டி ஒன்றை ரிச்சி தெருவில் வாங்கி வந்து, அவர் அறையின் அலமாரி மேல் வைத்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி அது. கைபேசி வைஃபை வழியாக அனுப்பும் கட்டளையை வாங்கி, அதை அகச்சிவப்பு ஒளியாக மாற்றி அறை முழுவதும் வீசுகிறது. செயலியில் பொத்தான்களைப் பெரிதாக வைத்துக்கொள்ள முடிவதால் அப்பா இரண்டே நாளில் பழகிவிட்டார்.

சிக்கல் ஏசியில்தான். பகலில் எத்தனை முறை அழுத்தினாலும் தவறாமல் இயங்குகிறது. விளக்கு வைத்த பின் பெரும்பாலும் இயங்குவதில்லை. ஆனால் செயலியின் திரை மட்டும் '25 டிகிரி, இயங்குகிறது' என்றே காட்டுகிறது. சென்ற வாரம் சிறுசேரி அலுவலகத்திலிருந்து நான் வீடு திரும்ப இரவு ஒன்பது மணி ஆகிவிட்டது. வந்து பார்த்தால், தலையணை உறை ஈரமாகும் அளவுக்கு வியர்த்துப் போய் அப்பா படுத்திருந்தார். ஏசி ஓடுவதாகத் திரை சொன்னதை நம்பி, குளிர் போதவில்லை போலும் என்று எண்ணி 24, 23, 22 என்று குறைத்துக்கொண்டே போயிருக்கிறார். ஏசி ஓடவே இல்லை. சித்திரை வெயிலில் நாளெல்லாம் காய்ந்த மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை அது. அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது.

கடையில் பெட்டியை மாற்றிக் கொடுத்தார்கள். புதிய பெட்டியும் அப்படியே நடந்துகொள்கிறது. செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன்; பயனில்லை. ஏசியோடு வந்த ரிமோட்டை நான் அருகில் நின்று நேராக நீட்டி அழுத்தினால் இரவிலும் சரியாக இயங்குகிறது. ஆகவே ஏசியில் பழுது இருப்பதாகவும் தோன்றவில்லை. வேறு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வேளச்சேரி வாசி

மாலையில் மட்டும் தடுமாறுகிறது என்றால் என் முதல் சந்தேகம் வைஃபை மீதுதான். இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே வேலை செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் அவற்றுக்கு எட்டாது. மாலை ஆறு மணிக்கு மேல் அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாரும் திரும்பிவிடுவதால் அந்த 2.4 அலைவரிசையில் நெரிசல் கூடிவிடும். உங்கள் ரூட்டர் சேனலைத் தானாகத் தேர்ந்தெடுக்கும்படி இருந்தால், அதை மாற்றி 1, 6, 11 ஆகிய மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றை நிலையாக வைத்துப் பாருங்கள். அப்பாவின் கைபேசி விருந்தினர்களுக்கான தனி வைஃபையில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அந்த வகை இணைப்பில் ஒரு கருவி இன்னொரு கருவியோடு பேச முடியாதபடி ரூட்டரே தடுத்துவிடுவது உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. ஏசி மறுக்கும் அதே நிமிடத்தில் மின்விசிறியும் தொலைக்காட்சியும் அந்தப் பெட்டி வழியாக இயங்குகின்றனவா?

மேற்கு மாம்பலம் மகள்

நேற்று மாலை ஏழரை மணிக்குச் சோதித்தேன் ஐயா. மின்விசிறி வேகம் மாறியது, தொலைக்காட்சி அணைந்து மீண்டும் வந்தது, ஏசி மட்டும் அசையவில்லை. சேனலை 11இல் நிலையாக வைத்த பிறகும் அதே கதைதான். எல்லாக் கருவிகளும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன.

வேளச்சேரி வாசி

அப்படியானால் வைஃபையைக் குறை சொல்ல இடமில்லை. என் ஊகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கட்டளை பெட்டி வரை ஒழுங்காக வந்து சேர்கிறது. பெட்டிக்கும் ஏசிக்கும் நடுவில்தான் ஏதோ நடக்கிறது.

அம்பத்தூர் ஏசி மெக்கானிக்

அம்மா, 'விளக்கு வைத்த பின்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே கேட்கிறேன். அப்பாவின் அறையில் மாலையில் எந்த விளக்கைப் போடுகிறீர்கள்? அது ஏசியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? பழைய நீளக் குழல்விளக்காக இருந்தால், அதன் சோக்கு கனமான பழைய செம்புச் சோக்கா, இலேசான எலக்ட்ரானிக் சோக்கா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரு சோதனையும் செய்யுங்கள். விளக்கு எரியும்போது கைபேசியிலிருந்து பத்து முறை கட்டளை கொடுத்து, ஏசியின் உள்பகுதி எத்தனை முறை 'பீப்' என்று ஒலி எழுப்புகிறது என்று எண்ணுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு அதே இடத்திலிருந்து மறுபடி பத்து முறை கொடுங்கள். கதவு, பெட்டி, கட்டில் எதையும் நகர்த்தாதீர்கள். இரண்டு முறைக்கும் இடையில் விளக்கு ஒன்றுதான் மாற வேண்டும்.

மேற்கு மாம்பலம் மகள்

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுந்து போய்ப் பார்த்தேன். ஏசிக்கு நேர் கீழே, ஓர் அடி இடைவெளியில், அதே சுவரில் குழல்விளக்கு இருக்கிறது. எலக்ட்ரானிக் சோக்குதான்.

விளக்கு எரியும்போது பத்துக்கு மூன்று முறைதான் 'பீப்' வந்தது. விளக்கை அணைத்துவிட்டு, கூடத்திலிருந்து வந்த மங்கலான வெளிச்சத்தில் மறுபடி எண்ணினேன், பத்துக்குப் பத்து. நம்ப முடியாமல் விளக்கை மறுபடி போட்டு அழுத்தினேன், இரண்டே முறை. என்ன நடக்கிறது என்று அப்பா கேட்டார். சொன்னதும் அவரும் இடக்கை விரல்களை மடக்கித் தானே ஒரு சுற்று எண்ணிப் பார்த்தார்.

வெளிச்சம் ஏசியை ஏன் தடுக்க வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பகலில் சன்னல் வழியாக வரும் வெளிச்சம் இதைவிடப் பல மடங்கு அதிகம் அல்லவா?

பெரம்பூர், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

நல்ல கேள்வி, சகோதரி. விடை வெளிச்சத்தின் அளவில் இல்லை, அது துடிக்கும் வேகத்தில் இருக்கிறது.

ரிமோட்டிலோ உங்கள் பெட்டியிலோ இருக்கும் டையோடு, நம் கண்ணுக்குப் புலப்படாத, ஏறத்தாழ 940 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு ஒளியை உமிழ்கிறது. வெறுமனே எரிந்து அணைந்தால் சூரிய ஒளியிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது என்பதால், பெரும்பாலான ரிமோட்டுகளில் அந்த ஒளியை வினாடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கச் செய்து, அந்தத் துடிப்புகளின் கூட்டத்தையும் இடைவெளியையும் கொண்டு கட்டளையை எழுதுகிறார்கள். ஏசியின் முகப்பில் இருக்கும் உணரி அந்த வேகத்தை ஒட்டிய துடிப்பை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொள்கிறது. வெயில் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அது சீரான ஒளி. துடிப்பு இல்லாததால் உணரி பெரும்பாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

குழல்விளக்கு அப்படியில்லை. பழைய செம்புச் சோக்கில் அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்ப வினாடிக்கு 100 முறை மினுக்கும். 38,000க்கும் அதற்கும் எட்டாத் தொலைவு. எலக்ட்ரானிக் சோக்கோ அதே விளக்கை வினாடிக்கு 20,000 முறைக்கு மேல் துடிக்க வைக்கிறது. அந்தத் துடிப்பு உணரி கேட்கும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. விளக்கு உமிழும் ஒளியில் ஒரு சிறு பங்கு அகச்சிவப்பாகவும் இருப்பதால், உங்கள் ஏசியின் உணரிக்கு ஓரடி தூரத்தில் ஓயாத இரைச்சல் ஒன்று எழுந்துகொண்டே இருக்கிறது. இந்த உணரிகள் பின்னணி இரைச்சல் தொடர்ந்தால் தங்கள் உணர்திறனைத் தாமே குறைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை. அப்படிக் குறைந்த பிறகு, அறையின் மறு கோடியில் இருந்து வரும் மெல்லிய கட்டளை உள்ளே நுழைவதே இல்லை. கல்யாண வீட்டில் நாகசுரமும் தவிலும் முழங்கும்போது பந்திக்கு அழைப்பவர் காதருகே வந்து சொன்னால்தான் கேட்கும் அல்லவா, அதுதான் நிலைமை. அருகில் நின்று நீங்கள் நீட்டிய ரிமோட்டுக்கு ஏசி பணிந்ததற்கும் இதுவே காரணம். தொலைக்காட்சியின் உணரி விளக்கை விட்டு விலகி இருப்பதால்தான் அது தப்பித்தது என்று கொள்ளலாம்.

பெட்டி உண்மையிலேயே ஒளி வீசுகிறதா என்று பார்க்க ஆசை இருந்தால், கைபேசியின் முன்பக்கக் கேமராவைத் திறந்து பெட்டியை நோக்கிப் பிடித்தபடி, இன்னொரு கைபேசியிலிருந்து கட்டளை கொடுங்கள். பெட்டிக்குள் ஊதா கலந்த வெண்மையாக ஒரு புள்ளி படபடவென்று மின்னி மறையும். சில கேமராக்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும் என்பதால், முதலில் சாதாரண ரிமோட் ஒன்றை வைத்துச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அம்பத்தூர் ஏசி மெக்கானிக்

ஆசிரியர் ஐயா காரணத்தைச் சொல்லிவிட்டார். நான் வேலையைச் சொல்கிறேன். அந்தக் குழல்விளக்கை எடுத்துவிட்டு எல்இடி பேட்டன், அதாவது குழல்விளக்கு வடிவில் வரும் நீள எல்இடி விளக்கு, போடுங்கள். ஆனால் ஏசிக்கு அருகில் போடாமல் எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள். எல்இடி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். மட்டமான டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சுற்று) உள்ள விளக்கும் இதே தொல்லையைக் கொடுத்து நான் பார்த்திருக்கிறேன். சுவரில் அடிப்பதற்கு முன் ஒயரில் கொடுத்து எரியவிட்டு, அதே பத்து முறைச் சோதனையைச் செய்துவிட்டு அடியுங்கள். அலமாரி மேல் இருக்கும் பெட்டியை ஏசியை நேராகப் பார்க்கும்படி, இப்போதைய தூரத்தில் பாதிக்குக் கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் ஏசிக்குச் சேரும் ஒளி ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

ஏசியை வைஃபை பிளக்கில் மாட்டிவிட்டால் இன்னும் எளிது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைத் திடீரென்று துண்டிப்பது அதற்கு நல்லதல்ல.

திருவான்மியூர்

விளக்கு தீர்ந்தாலும் இன்னொரு குறை மிச்சம் இருக்கிறது, அது எனக்கு இதைவிடப் பெரியதாகத் தோன்றுகிறது. எதிர்காலத்தில் வேறு எந்தக் காரணத்தால் கட்டளை தவறினாலும், உங்கள் திரை அன்றைக்குப் போலவே 'இயங்குகிறது' என்றுதான் சொல்லும். ஏனென்றால் அகச்சிவப்பு ஒருவழிப் பாதை. பெட்டியால் ஏசியிடம் சொல்ல முடியும், ஏசியிடமிருந்து பதில் வாங்க முடியாது. கடைசியாகத் தான் என்ன அனுப்பியது என்பதைத்தான் செயலி காட்டுகிறது. அப்பா ஏமாந்தது அவருடைய தவறு இல்லை என்பதை அவரிடமே எடுத்துச் சொல்லுங்கள். முதியவர்கள் இதையெல்லாம் தங்கள் தடுமாற்றம் என்று எண்ணி உள்ளுக்குள் வருந்துவார்கள்.

அவருக்கு இரண்டு பழக்கங்கள் போதும். திரையைப் பார்க்காமல் 'பீப்' ஒலியைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வெப்பநிலையைக் குறைக்காமல் அதே பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். பெரும்பாலான ஏசி ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் முழு நிலையையும், அதாவது இயங்கு, குளிரூட்டு, 25 டிகிரி, விசிறி இந்த வேகம் என்று மொத்தமாக அனுப்புவதால், ஒரே கட்டளையைத் திரும்ப அனுப்புவதில் தீங்கில்லை. உங்கள் செயலியில் தொடர்கட்டளை வசதி இருந்தால், ஒரே அழுத்தில் சில வினாடி இடைவெளியில் மூன்று முறை அனுப்பும்படியும் வைக்கலாம். தொலைக்காட்சிக்கு மட்டும் அப்படி வைத்துவிடாதீர்கள்; அதன் பவர் பொத்தான் பெரும்பாலும் ஒரே கட்டளையால் போடவும் அணைக்கவும் செய்வது, இரண்டு முறை போனால் வந்தது அணைந்துவிடும்.

அசல் ரிமோட்டை ஒரு கயிற்றில் கட்டி, கட்டிலின் இடப்பக்கத்தில் தொங்கவிடுங்கள்.

வேளச்சேரி வாசி

இன்வெர்ட்டர் இருக்கும் வீடாக இருந்தால், ரூட்டரும் ரிமோட் பெட்டியும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கரண்ட் போகும்போது மின்விசிறி மட்டும் ஓடி, ரூட்டர் அணைந்துவிட்டால், அப்பாவால் விசிறி வேகத்தைக்கூட மாற்ற முடியாமல் போய்விடும். வீட்டில் பழைய கைபேசி ஏதேனும் இருந்தால் அதன் மேல் விளிம்பில் சிறிய கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அகச்சிவப்பு உமிழி அங்கேயே இருக்கும். அதற்கு வைஃபையே தேவையில்லை.

மேற்கு மாம்பலம் மகள்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிறு காலை எலக்ட்ரீஷியனை வரவழைத்துக் குழல்விளக்கை எடுத்துவிட்டு, எதிர்ச் சுவரில் எல்இடி பேட்டன் போட்டாயிற்று. முதலில் வாங்கிய விளக்கில் பத்துக்கு எட்டு முறைதான் ஏசி கேட்டதால், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொன்று வாங்கினேன். இப்போது நான்கு நாள்களாக இரவிலும் பத்துக்குப் பத்து. பெட்டி கட்டிலருகே உள்ள மேசைக்கு வந்துவிட்டது. ரூட்டர் ஏற்கெனவே இன்வெர்ட்டரில்தான் இருந்தது. பெட்டியையும் அந்த லைனுக்கு மாற்றிவிட்டேன்.

என் பழைய கைபேசியின் மேல் விளிம்பில் அந்தக் கறுப்புப் புள்ளி இருந்தது. அதிலும் ஏசிக்கு ஒரு பொத்தான் வைத்து அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். நேற்று அலுவலகத்திலிருந்து ஏழு மணிக்கு அழைத்து, ஏசி போட்டீர்களா என்று கேட்டேன். "போட்டேன், பீப் கேட்டது" என்றார்.