பழங்கடலின் ஆக்சிஜனுக்குச் சீரியம் சாட்சி சொல்லுமா?

பாறைமொழி:
என் நிலைப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய சுண்ணாம்புப் பாறையில் சீரியம், தன் அண்டைத் தனிமங்களோடு ஒப்பிட, குறைந்திருந்தால் அது படிந்த கடலில் ஆக்சிஜன் இருந்தது. சீரியம் அருமண் தனிமங்கள் என்ற உலோகக் குடும்பத்தில் ஒன்று. லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை அந்தக் குடும்பம் முழுவதும் கடல்நீரில் ஏறக்குறைய ஒரே போக்குதான். சீரியம் மட்டும் ஆக்சிஜன் உள்ள நீரில் மூன்றிலிருந்து நான்கு மின்சுமைக்கு ஏறும். அந்த வடிவம் கரையாது. மாங்கனீசு ஆக்சைடுத் துகள்களில் ஒட்டி அடியில் போய்விடும். கருங்கடலைப் பாருங்கள்: மேல்நீரில் சீரியம் பற்றாக்குறை. 100–150 மீட்டருக்குக் கீழே ஹைட்ரஜன் சல்பைடு நீர். அங்கே துகள்கள் கரைந்து சீரியம் திரும்பிவிடுகிறது, பற்றாக்குறை மறைகிறது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அலைக்கணக்கு:
நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. சீரியத்தைத் திருப்பிக் கொடுப்பது மாங்கனீசு ஆக்சைடு கரைவது. சல்பைடு தோன்றும் முன்பே, ஆக்சிஜன் மிகவும் குறைந்த அடுக்கிலேயே அது கரையத் தொடங்கிவிடும். ஆக, அளப்பது மாங்கனீசை. பெயர் மட்டும் ஆக்சிஜனுக்கு. இன்னொன்று: வட பசிபிக்கின் ஆழ்நீரில் ஆக்சிஜன் வட அட்லாண்டிக்கைவிடக் குறைவு, ஆனால் சீரியப் பற்றாக்குறை அங்கேதான் அதிகம். அந்த நீர் பழையது, அதாவது மேற்பரப்பை விட்டு ஆழத்துக்குப் போய் நெடுங்காலம் ஆனது. துகள்கள் நெடுங்காலம் சீரியத்தை எடுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. உங்கள் விதிப்படி இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? போதாததற்கு, வட அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் சீரியத்தை நான்கு மின்சுமைக்கு ஏற்றுவதில் நுண்ணுயிர்களுக்குப் பங்கு உண்டு என்று 1990இல் மாஃபெட் என்ற ஆய்வாளர் காட்டினார்.

பாறைமொழி:
பசிபிக் உதாரணம் எனக்கு எதிரானதே அல்ல. இரண்டு கடலிலும் ஆக்சிஜன் இருக்கிறது, இரண்டிலும் பற்றாக்குறை இருக்கிறது. நான் எவ்வளவு என்று கேட்கவில்லை. இருந்ததா இல்லையா என்றுதான் கேட்கிறேன். 200 கோடி ஆண்டு பழைய பாறையிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

உவர்ப்படுகை:
இருவருமே ஆக்சிஜன் இல்லாத நீர் எல்லாம் ஒரே ரகம் என்று வைத்துப் பேசுகிறீர்கள். கிழக்கு மத்தியதரைக் கடலின் பேனக் படுகை 3 கிலோமீட்டருக்கும் கீழே இருக்கிறது. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடல் வற்றியபோது படிந்த உப்பு கரைந்து உண்டான அடர் உவர்நீர் அது. எடை அதிகம், அதனால் மேலுள்ள நீரோடு கலப்பதில்லை. கரைந்திருப்பதில் ஒரு பங்கு பழைய உப்பிலிருந்து வந்தது, ஒரு பங்கு உவர்நீரும் மேல்நீரும் சந்திக்கும் எல்லையில் துகள்கள் கரைந்து வந்தது. சாதாரணக் கடலில் கன அருமண் தனிமங்களை (லுட்டீசியம் பக்கம் உள்ளவற்றை) கார்பனேட் இறுக்கிப் பிடித்துக் கரைசலில் வைத்திருக்கும். இந்த உவரில் அந்தப் பிடியின் கணக்கே வேறு. இப்படி ஒரு படுகையில் படிந்த பாறை நாளை கையில் கிடைத்தால், கருங்கடல் அளவுகோல் உதவாது.

அலைக்கணக்கு:
அதோடு லாந்தனம். கடல்நீரில் லாந்தனம் இயல்பாகவே சற்று மிகுதி. அதையும், சீரியத்துக்கு மறுபக்கத்தில் உள்ள அருமண் தனிமமான பிரசியோடைமியத்தையும் அண்டை வீடுகளாக வைத்துச் சீரியத்தைக் கணக்கிட்டால், இல்லாத பற்றாக்குறையும் தெரியும். 1996இல் பௌ, டுல்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் பிரசியோடைமியத்தைத் தனியே சோதிக்கச் சொன்னது இதற்காகத்தான். மீன்பல் போன்ற பாஸ்பேட் புதைபடிவங்களில் நிலைமை இன்னும் மோசம்: அருமண் தனிமங்களில் பெரும்பங்கு உயிரி இறந்த பிறகு சேற்றுநீரிலிருந்து ஏறியது.

பாறைமொழி:
பிரசியோடைமியச் சோதனை இல்லாத அளவை நானும் ஏற்பதில்லை. மீன்பல்லை எடுப்பதும் இல்லை. அலுமினியமும் தோரியமும் குறைந்த, களிமண் கலக்காத சுண்ணாம்பு மட்டும்தான். உவர்ப்படுகை சொன்னது வேறு. பாறையில் உப்புப் படிவின் தடயம் இருந்தால் அந்த மாதிரியைத் தனியே வைக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திறந்த கடலில் படிந்தவற்றுக்கு என் வாதம் நிற்கிறது. அதை மறுக்க, ஆக்சிஜனே இல்லாத இன்றைய திறந்த நீரில் உண்மையான சீரியப் பற்றாக்குறையைக் காட்டுங்கள்.