வீட்டு வாசலிலிருந்து மருத்துவமனை கவுண்டர் வரை: எப்படி அளப்பது?

மலர்_கெப்போங்

வணக்கம். நாங்கள் கோலாலம்பூரில் கெப்போங் பக்கம் ஒரு பழைய பிளாட்டில் இருக்கிறோம். மூன்று புளோக், பாதிக்கு மேல் வயதானவர்கள். பஸ் வசதி பற்றி ஒரு கடிதம் கொடுக்கலாம் என்று குடியிருப்போர் குழுவில் முடிவாகி, எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. போன மாதம் ஒரு கூட்டத்தில் இதைப் பேசியபோது, வந்திருந்த அதிகாரி ஒரு வரைபடத்தைக் காட்டினார். ரயில் நிலையத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம், பஸ் நிறுத்தத்தைச் சுற்றி 500 மீட்டருக்கு ஒரு வட்டம். எங்கள் பிளாட் இரண்டுக்குள்ளும் வருகிறது, அதனால் உங்களுக்கு வசதி இருக்கிறது என்றார்.

எனக்கு அங்கே பதில் சொல்ல வரவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி, சர்க்கரை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெரிய மருத்துவமனையில் காலை 8 மணிக்கு அப்பாயின்ட்மென்ட். அந்த வட்டத்துக்குள் இருக்கிற ரயில் நிலையத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பெரிய லோங்காங் (வடிகால்), அப்புறம் ஆறு வழிச் சாலை. ஜெஜாந்தாஸில், அதாவது நடை மேம்பாலத்தில், ஏறித்தான் கடக்க வேண்டும். ஏற 42 படி, இறங்க 42 படி, நின்று எண்ணினேன். அம்மாவால் முடியாது, அதனால் நிலையத்துக்குப் போகவே பஸ் பிடிக்கிறோம்.

"கஷ்டமாக இருக்கிறது" என்று எழுதினால் யாரும் இரண்டாவது வரிக்குப் போக மாட்டார்கள். எண்ணாக எழுத வேண்டும். இதை எப்படி அளப்பார்கள்? எக்செல் தெரியும், கோடிங் தெரியாது.

வழித்தடம்77

மலர், அந்த 500 மீட்டரும் 1 கிலோமீட்டரும் ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 11.2.1 என்ற குறியீட்டில் வருகிற அளவுகள். பஸ்ஸுக்கு 500 மீட்டர், ரயிலுக்கு 1 கிலோமீட்டர். ஆனால் அதை நேர்கோட்டில் வட்டம் போட்டு அளக்கச் சொல்லவில்லை, தெரு வழியாக நடக்கிற தூரத்தைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். உங்கள் லோங்காங்கையும் ஜெஜாந்தாஸையும் சுற்றி நடந்து அளந்தால் அந்த 1 கிலோமீட்டர் நிற்குமா என்று பாருங்கள். கடிதத்தின் முதல் பத்தியே இதுவாக இருக்கலாம்.

இன்னொன்று. அந்தக் குறியீடு நிறுத்தம் பக்கத்தில் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடும். அங்கிருந்து நீங்கள் எங்கே போய்ச் சேர முடியும் என்பதை அது கேட்பதே இல்லை. அதை அளக்க வேறு முறைகள் உண்டு. 1959இல் வால்டர் ஹான்சன் என்பவர் ஒரு கட்டுரையில் சொன்ன வழி, போகும் இடங்களையெல்லாம் கூட்டு, ஆனால் தூரத்தில் இருப்பதற்குக் குறைந்த மதிப்பு கொடு என்பது. கணக்கு நல்ல கணக்குதான், ஆனால் வருகிற எண்ணைப் பொதுமக்களுக்கு விளக்க முடியாது. உங்களுக்கு எளிய முறை போதும்: வாசலிலிருந்து கிளம்பி 45 நிமிடத்துக்குள் எத்தனை அரசு கிளினிக், எத்தனை சந்தை, எத்தனை பள்ளிக்குப் போய்ச் சேரலாம் என்று எண்ணுவது. ஒரே எல்லை வைத்தால் 44 நிமிடம் உள்ளே, 46 நிமிடம் வெளியே என்று ஆகிவிடும். அதனால் 30, 45, 60 மூன்றுக்கும் போடுங்கள்.

தரவுக்கு நம் அரசின் டேட்டா.கவ்.மை தளத்தில் ஜிடிஎஃப்எஸ் என்ற, போக்குவரத்துத் தரவுக்கான பொது வடிவத்தில் நிறுத்தங்களும் நேர அட்டவணையும் இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லாமே சாதாரண எழுத்துக் கோப்புகள், எக்செலில் திறக்கும். தெருக்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச வரைபடம். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட ஓப்பன்ட்ரிப்பிளானர், ஆர்5ஆர் என்று இலவசக் கருவிகள் உண்டு. ஆர்5ஆர் கிளம்பும் நேரத்தை நிமிடத்துக்கு நிமிடம் மாற்றிப் பார்த்து நடு மதிப்பைச் சொல்லும். 6.58க்குக் கிளம்பினால் பஸ் கிடைக்கும், 7.01 என்றால் அரை மணி நேரம் போச்சு, அதனால்தான் ஒரே ஒரு நேரத்தை வைத்து அளக்கக் கூடாது. கோடிங் பகுதியை நான் செய்து தருகிறேன், தனிச் செய்தி அனுப்புங்கள். ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் ஜெஜாந்தாஸ் சரியாக வரையப்பட்டிருக்கிறதா?

ஆயர்ஈத்தாம்_அக்கா

தங்கச்சி, நான் பினாங்கில் இருந்து எழுதுகிறேன். 31 வருஷம் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தம்பி சொன்னது சரிதான், ஆனால் அந்த மென்பொருளில் நடப்பவர் யார் என்று கேளுங்கள். முட்டி வலியோடு கிளினிக்குக் கீழே வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு உள்ளே வருகிறவர்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிஷத்தை யார் எழுதுவது?

அதோடு "பக்கத்தில் இருக்கும் கிளினிக்" என்ற கணக்கு நோயாளிக்குப் பொருந்தாது. எங்கே நோயாளி கார்டு இருக்கிறதோ அங்கேதான் போக முடியும், கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் நிபுணர் பெரிய மருத்துவமனையில்தான். பள்ளியும் அப்படித்தான். இங்கே மாநிலம் முழுக்க 28 தமிழ்ப்பள்ளிகள். வீட்டுக்கு எதிரிலேயே ஒரு பள்ளி இருந்தாலும் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புகிற குடும்பத்துக்கு அது கணக்கில் வரக் கூடாது. ஆகவே எண்ணுவதற்கு முன்னால், உங்கள் பிளாட்டில் உள்ளவர்கள் உண்மையில் எங்கே போகிறார்கள் என்று வீடு வீடாகக் கேளுங்கள்.

திரும்பி வருவதையும் அளங்கள். போகும்போது காலை நேரம், பஸ் இருக்கும். மருந்து வாங்கி முடித்து மதியம் வெயிலில் நிற்கிறார்களே, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வழித்தடம்77

அக்கா சொன்ன நடை வேகம் முக்கியமானது, நான் விட்டுவிட்டேன். ஓப்பன்ட்ரிப்பிளானரில் நாம் மாற்றாவிட்டால் வினாடிக்கு 1.33 மீட்டர், அதாவது மணிக்கு 4.8 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பதாக எடுத்துக்கொள்ளும். மாற்றலாம். அம்மாவோடு ஒரு தடவை நடந்து நேரம் எடுத்துச் சொல்லுங்கள், அந்த வேகத்தையே போடுகிறேன்.

சிவா_செந்தூல்

காத்திருப்பு பற்றி ஒன்று. மணிக்கு நான்கு பஸ் என்று அட்டவணை சொல்கிறது, சரி. 15 நிமிடத்துக்கு ஒன்றாக ஒழுங்காக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்குப் போகிறவர் சராசரியாக ஏழரை நிமிடம் நிற்பார். அதே நான்கு பஸ் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு வந்தால் இடைவெளி 30 நிமிடம் ஆகிவிடும், சராசரிக் காத்திருப்பு 15. பஸ் எண்ணிக்கை குறையவே இல்லை, நிற்கிற நேரம் இரட்டிப்பு! அட்டவணையை மட்டும் வைத்து அளந்தால் இது தெரியாது. பஸ் இப்போது எங்கே இருக்கிறது என்ற நேரடித் தரவையும் அதே அரசுத் தளத்தில் வெளியிடுகிறார்கள், அதை ஒரு வாரம் சேமித்துப் பாருங்கள். இல்லையென்றால் நிறுத்தத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள், அதுவே போதும்.

கட்டணத்தைப் பெரிதாக எழுத வேண்டாம். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் செல்லும் மை50 பாஸ் 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) 30 நாள் ஓடுகிறது. உங்கள் கோரிக்கை நேரத்தைப் பற்றியது, அதிலேயே நில்லுங்கள்.

மலர்_கெப்போங்

எல்லாருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை அம்மாவோடு போனேன், கையில் நோட்டு. 6.10க்கு நாலாவது மாடி வாசலில் இருந்து கிளம்பினோம். லிஃப்டுக்கு நின்று, மரத்தடியில் ஒரு தடவை உட்கார்ந்து, நிறுத்தத்துக்கு 6.27. பஸ் வந்தது 6.52. ரயில் நிலைய வாசல் 7.06, பிளாட்பாரம் 7.15, ரயில் 7.19. இறங்கியது 7.37. கிளினிக் கவுண்டரில் நம்பர் எடுத்தபோது 7.58.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 108 நிமிடம். நடந்தது 47, நின்றது 29, வண்டியில் உட்கார்ந்திருந்தது 32 நிமிடம்தான். இதைப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது, இத்தனை நாளாக நாங்கள் பஸ் வேகமாகப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம், நேரமெல்லாம் நடையிலும் நிற்பதிலும் போகிறது. திரும்பி வர 135 நிமிடம். மதியம் அந்த நிறுத்தத்தில் நிழல் இல்லை, அம்மா என் குடையைப் பிடித்துக்கொண்டு லோங்காங் ஓரத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தார்.

ஜெஜாந்தாஸ் வரைபடத்தில் இருக்கிறது, ஆனால் படி என்று குறிக்கவில்லை, சாதாரண நடைபாதையாகக் கிடந்தது. திருத்திவிட்டேன். வீடு வீடாகக் கேட்பதை முதல் புளோக்கில் ஆரம்பித்துவிட்டோம், இதுவரை 19 வீடு. வியாழக்கிழமை மூன்றாவது புளோக்கில் வாக்கர் வைத்து நடக்கிற ஒரு பாட்டியோடு போகிறேன். கெப்போங், ஜிஞ்சாங் பக்கம் இருப்பவர்கள் யாராவது ஒரு காலை நேரம் தர முடிந்தால் சொல்லுங்கள், இன்னும் நான்கு பேரோடு போக வேண்டும், எனக்கு லீவு தீர்ந்துவிட்டது.