திமிங்கிலத்தின் மூதாதை ஓநாய் முக விலங்கா, மான் போன்ற விலங்கா?

நெய்தல்வாசி (கேள்வி):
என் மகளிடம் உள்ள பழைய விலங்குக் களஞ்சியம் ஒன்றில், திமிங்கிலங்களும் ஓங்கில்களும் (டால்பின்கள்) மெசோனிக்ஸ் என்னும் விலங்கின் வழிவந்தவை என்று படத்துடன் அச்சாகியுள்ளது. ஓநாயைப் போன்ற முகமும் குளம்புள்ள விரல்களும் கொண்ட ஊனுண்ணியாக அதனை வரைந்திருக்கிறார்கள். அண்மையில் பார்த்த ஆவணப்படமோ, நீர்யானையே ஓங்கில்களுக்கு நெருங்கிய உறவு என்று கூறியதோடு, மெசோனிக்ஸின் பெயரையே எடுக்கவில்லை. பழைய கருத்து எந்தச் சான்றினால் கைவிடப்பட்டது? அதே பக்கத்தில் உறவினராகக் காட்டப்பட்டுள்ள ஆண்ட்ரூசார்க்கஸின் நிலை என்ன?

கல்லெலும்பு:
களஞ்சியம் அச்சான காலத்தில் பெரும்பாலான தொல்லுயிர் ஆய்வாளர்கள் ஏற்றிருந்த கருத்துதான் அது. 1966இல் லீ வான் வேலன் முன்வைத்த அக்கருத்துக்கு அடிப்படை பற்கள். மெசோனிக்ஸ் குடும்பத்தின் கடைவாய்ப் பற்களும் மிகப் பழைய திமிங்கிலங்களின் பற்களும் முக்கோண முனைகளோடு ஒன்றையொன்று வியக்கத்தக்க அளவுக்கு ஒத்திருக்கின்றன. திமிங்கிலங்களின் கால் எலும்புகள் போதுமான அளவு கிடைக்காதிருந்த அந்நாளில், பல்லைத் தவிர வேறு எதைக் கொண்டு ஒப்பிட முடியும்?

நிலைமை 2001 செப்டம்பரில் மாறியது. தொல்லுயிர் ஆய்வாளர் பிலிப் ஜிஞ்சரிச்சின் குழுவினர் பலூசிஸ்தானத்தில் கண்டெடுத்த ரோடோசீட்டஸ், ஆர்ட்டியோசீட்டஸ் என்னும் பழைய திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்புகளையும், ஹான்ஸ் தெவிசன் குழுவினர் பாகிஸ்தானின் பாகிசீட்டஸ், இக்தியோலெஸ்டிஸ் என்னும் இன்னும் பழைய திமிங்கிலங்களின் எலும்புகளையும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் வெளியிட்டனர். அந்தக் கணுக்கால் எலும்பின் மேல்முனை, கீழ்முனை இரண்டும் கப்பியின் உருளையைப் போல் பள்ளம் விழுந்தவை. மாடு, மான், பன்றி, ஒட்டகம் அடங்கிய இரட்டைக் குளம்பிகளின் அடையாளம் அது. மெசோனிக்ஸ் குடும்பத்தில் அந்த இரட்டை அமைப்பு இல்லை. அதுவரை மெசோனிக்ஸ் பக்கம் நின்ற ஜிஞ்சரிச்சே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். உங்கள் மகளுக்குக் காட்ட விரும்பினால், ஆட்டின் பின்னங்கால் கணுவில் உள்ள அந்த எலும்பைக் கறிக்கடையில் கேட்டுப் பாருங்கள். இரு பள்ளங்களும் தெளிவாகத் தெரியும்.

ஐயன்:
ஒரு மறுப்பு. பற்களின் ஒற்றுமை ஒத்த உணவால் தனித்தனியாக உருவானது என்று தள்ளிவிடலாம் என்றால், கணுக்காலின் ஒற்றுமையையும் ஒத்த ஓட்டத்தால் உருவானது என்று ஏன் தள்ளக் கூடாது? ஓர் எலும்பை நம்பி மற்றோர் எலும்பை ஒதுக்குவது விருப்பப்படி தேர்ந்தெடுப்பதாகாதா?

குளம்படி:
ஐயனின் கேள்வி நியாயமானது. கணுக்கால் மட்டுமே சான்றாக இருந்திருந்தால் வழக்கு இன்னும் நீண்டிருக்கும். ஆனால் கணுக்கால்கள் வெளியாகும் முன்பே, 1990களின் பிற்பகுதியில், ஜப்பானில் நோரிஹிரோ ஒகாடாவின் குழு மரபணுக்களிலிருந்து அதே முடிவுக்கு வந்திருந்தது. டி.என்.ஏ.வில் தம்மைப் படியெடுத்து வேறோர் இடத்தில் செருகிக்கொள்ளும் சிறு துண்டுகள் உண்டு. இரு விலங்குகளில் ஒரே துண்டு ஒரே இடத்தில் தற்செயலாகச் செருகப்படுவது மிக அரிது. அத்தகைய செருகல்கள் சில திமிங்கிலத்திலும் நீர்யானையிலும் மட்டும் பொதுவாக இருந்தன. பன்றியிலும் ஒட்டகத்திலும் அவை இல்லை. உணவோ ஓட்டமோ இதனை உருவாக்க இயலாது.

எனக்கு இவற்றைவிடச் சுவையானது இந்தோஹையஸ் என்னும் அழிந்துபோன விலங்கின் கதை. ஜம்மு பகுதியின் காலாகோட்டில் இந்திய நிலவியலாளர் ரங்கராவ் சேகரித்த பாறைகள், அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், அவருடைய மனைவி வாயிலாகத் தெவிசனிடம் சென்றன. பாறையிலிருந்து பிரிக்கும்போது ஒரு மண்டையோட்டின் காதெலும்பு உடைந்துபோக, அதன் உட்சுவர் திமிங்கிலங்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட வகையில் தடித்திருப்பது வெளிப்பட்டது. 2007இல் வெளியான அந்த ஆய்வின்படி, சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இந்தோஹையஸ் பூனையளவே இருந்த, மான் போன்ற ஒரு விலங்கு. நீரில் மிதந்துவிடாமல் காலூன்றி நடக்க உதவும் தடித்த எலும்புச் சுவர்கள் அதற்கு இருந்தன. ஆபத்து நேர்ந்தால் ஆற்றுக்குள் மூழ்கி ஒளியும் ஆப்பிரிக்க நீர்ச் சருகுமானை இன்றைய ஒப்பீடாகக் காட்டுகிறார்கள். எனினும் இந்தோஹையஸ் திமிங்கிலத்தின் நேர் மூதாதை அன்று; பாகிசீட்டஸ் அதற்கு முன்னரோ அதே காலத்திலோ வாழ்ந்தது. மூதாதையின் உடன்பிறப்புக் கிளை என்பதே பொருத்தம்.

கல்லெலும்பு:
அதே எச்சரிக்கை நீர்யானைக்கும் பொருந்தும். திமிங்கிலங்கள் 5 கோடி ஆண்டுப் பழமை உடையவை. நீர்யானைக் குடும்பத்தின் புதைபடிவங்கள் அவற்றைவிட மிகவும் பிற்காலத்தவை. எனவே நீர்யானையிலிருந்து ஓங்கில் வந்தது என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள். ஆந்திரகோத்தியர்கள் என்னும் அழிந்துபோன கூட்டத்தின் வழியாக நீர்யானை தனிப் பாதையில் வந்தது என்பதே இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

நெய்தல்வாசி:
மிக்க நன்றி. ஆண்ட்ரூசார்க்கஸ் மட்டும் எஞ்சியிருக்கிறது.

குளம்படி:
1923இல் உள் மங்கோலியாவில், ராய் சாப்மன் ஆண்ட்ரூஸின் பயணக் குழுவில் இருந்த கான் சுவென் பாவ் கண்டெடுத்த, 83 செ.மீ. நீளமுள்ள மண்டையோடு அது. களத்திலேயே அதனைப் பார்த்த, அதே குழுவின் தொல்லுயிர் ஆய்வாளர் வால்டர் கிரேஞ்சர், பன்றி போன்ற முகம் கொண்ட எண்டெலோடான் என்று கருதினார். நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருந்தவர்கள் அந்த மண்டையோட்டின் கோட்டோவியத்தைப் பார்த்து மெசோனிக்ஸ் குடும்பத்தில் சேர்த்தனர். 1924இல் அந்த அருங்காட்சியகத்தின் தலைவர் ஆஸ்போர்ன் அவ்வாறே விவரித்தார். 2009க்குப் பின் வந்த ஆய்வுகள் அதனை மெசோனிக்ஸிடமிருந்து பிரித்து, எண்டெலோடான், நீர்யானை, திமிங்கிலம் ஆகியவற்றின் பக்கமாக நகர்த்தியுள்ளன. கிரேஞ்சரின் முதல் கணிப்பு பெருமளவு சரியாகவே இருந்திருக்கிறது! உங்கள் களஞ்சியத்தின் படத்தில் உள்ள ஓநாய் உடலோ, மெசோனிக்ஸின் உடலைப் பெரிதாக்கி அந்த மண்டையோட்டுக்குப் பொருத்தியது. ஆகவே அதன் எடையைப் பற்றி அங்கே அச்சாகியிருக்கும் எண்ணையும் நம்ப வேண்டாம்.