உதவி: மோபியஸ் மதிப்பு -6 வர வேண்டும், -5 தான் வருகிறது!!

சாட்ஸ்வொர்த்_செல்வி:
நாளைக் காலை ஒப்படைக்க வேண்டும், யாராவது சீக்கிரம் பாருங்கள். உச்சி உறுப்பில் மோபியஸ் சார்பு (படத்தில் அடியிலிருந்து மேலே ஒவ்வொரு உறுப்புக்கும் போட்டுக்கொண்டு போகும் மதிப்பு) -6 என்று விடைத்தாளில் இருக்கிறது, எனக்கு மூன்று முறை போட்டும் -5. தரவாரியாக, அதாவது அடியிலிருந்து படிப்படியாக, உறுப்புகள் 1, 6, 6, 1 என்று அழகாகச் சமச்சீராக இருக்கிறது, அதனால் படம் சரிதான், கூட்டலில்தான் எங்கோ இடிக்கிறது. பத்து மணிக்கு லோட் ஷெடிங் (மின்வெட்டு) வேறு.

டோங்காட்_தம்பி:
எந்த போசெட்? எது எதற்குக் கீழே என்று வரிசைப்படுத்திய கணம் எது என்று சொல்லவே இல்லையே.

மாரிட்ஸ்பர்க்_மாமா:
எதுவாக இருந்தால் என்ன, தவறு ஒன்றுதான். கீழே இருக்கும் எல்லா உறுப்புகளின் மதிப்பையும் கூட்டிக் குறியை மாற்ற வேண்டும், நீ நேர் கீழே தொடுவதை மட்டும் கூட்டியிருப்பாய். அல்லது குறிப் பிழை.

பழைய_வாத்தியார்:
தரப்படுத்திய பகுதி வரிசைக் கணம் என்றால் பெருமச் சங்கிலிகள் (அடியிலிருந்து உச்சி வரை படிப்படியாக ஏறும் பாதைகள்) எல்லாம் ஒரே நீளம், அதை முதலில் சரிபார்த்தீர்களா? கணிதர் ரோட்டா மோபியஸ் சார்பு பற்றி 1964 இல் எழுதிய கட்டுரையைப் புரட்டிவிட்டு வந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. இந்தக் காலத்துப் பிள்ளைகள்...

சாட்ஸ்வொர்த்_செல்வி:
மன்னிக்கவும் ஐயா. 1, 2, 3, 4 என்ற நான்கு பொருளின் பிரிவினைகள், அதாவது அவற்றைக் குழுக்களாகப் பிரிக்கும் வழிகள். ஒன்றை மேலும் பிளந்தால் கிடைப்பது அதற்குக் கீழே. நான்கு புள்ளியைச் சதுரமாக வைத்துக் கோடு இழுத்துக் கையால்தான் போட்டேன்.

டோங்காட்_தம்பி:
மாமா, நேர் கீழே மட்டும் கூட்டியிருந்தால் இந்தப் படத்தில் -16 வந்திருக்கும், நான் போட்டுப் பார்த்தேன்.

பீனிக்ஸ்_மீனா:
செல்வி, மொத்தம் எண்ணினாயா? 14 தான் வருகிறது. நான்கு பொருளைப் பிரிக்க 15 வழி உண்டு, ஒன்று காணோம். இரண்டாம் தரத்தில் (உச்சிக்கு நேர் கீழே) மூன்று சேர்ந்து ஒன்று தனித்தவை 4, இரண்டிரண்டாகப் பிரிந்தவை 3, ஆக 7 வேண்டும். உன்னிடம் 12|34 (1, 2 ஒரு குழு, 3, 4 இன்னொன்று), 14|23 இருக்கும், 13|24 இருக்காது என்று பந்தயம். சதுரத்தில் அது இரண்டு மூலைவிட்டம், கோடும் கோடும் வெட்டிக்கொள்ளும், கை தானாக விட்டிருக்கும். இப்போது கூட்டு: அடியில் 1, அடுத்த ஆறும் தலா -1, மூன்று சேர்ந்தவை தலா 2, இரண்டிரண்டு தலா 1. 1-6+8+3=6, ஆக உச்சியில் -6. ஒன்றை விட்டால் 5, அதுதான் உன் -5.

உன் படமும் வீண் இல்லை. அது வெட்டிக்கொள்ளாத பிரிவினைகள், கணிதர் கிரெவெராஸ் 1972 இல் ஆராய்ந்தது. 14 ஒரு கத்தலான் எண் (1, 2, 5, 14 என்று போகும் தொடர்), அதைத் தரவாரியாகப் பிரித்தால் வரும் 1, 6, 6, 1 நாராயணா எண்கள். சமச்சீராக இருந்ததே உன்னை ஏமாற்றியது. சிறப்பியல்புப் பல்லுறுப்புக்கோவை (தரவாரியாகக் கூட்டிய மோபியஸ் மதிப்புகளைக் கெழுக்களாக வைப்பது) போட்டிருந்தால் உடனே தெரிந்திருக்கும்: முழுதுக்கு (ய-1)(ய-2)(ய-3), உன்னுடையதற்கு (ய-1)(ய²-5ய+5), முழு எண் மூலம் ஒன்றுதான்.

பழைய_வாத்தியார்:
விடை சரி. ஆனால் தம்பி, "போசெட்" என்பதெல்லாம் தமிழா? பகுதி வரிசைக் கணம் என்று சொல்லலாமே.

டோங்காட்_தம்பி:
ஐயா, எங்கள் வீட்டில் தமிழ் பாட்டியோடு போய்விட்டது, நான் வளர்ந்த பிறகு சனிக்கிழமை வகுப்பில் கற்றுக்கொண்டு எழுதுகிறேன். இப்படிப்பட்ட போசெட்டை லாட்டிஸ் என்பார்களே, அதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பழைய_வாத்தியார்:
பின்னல்.

மாரிட்ஸ்பர்க்_மாமா:
பின்னல் என்றால் சடை. கூடு என்று சொல்லுங்கள்.

பழைய_வாத்தியார்:
கூடு குருவிக்கு.

பீனிக்ஸ்_மீனா:
சங்கிலிக்கு மட்டும் யாரும் சண்டை போடவில்லை, அதுவரை நிம்மதி.

சாட்ஸ்வொர்த்_செல்வி:
13|24 தான். வந்துவிட்டது. நன்றி அக்கா.

மாரிட்ஸ்பர்க்_மாமா:
அப்போ குறிப் பிழை இல்லையா?