ஆப் சர்வருக்கு அனுப்புற நாலு ரெக்வெஸ்டும் ஒரே நேரத்தில் போகுதா, வரிசையிலயா? எப்படி உறுதி செய்வது?

காட்பாடி_ஆண்ட்ராய்டு: வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம் பஸ் நேரங்களை ஒரே திரையில் காட்டணும். காட்லின் மொழி, சர்வரிடம் கேட்க ரெட்ரோஃபிட் லைப்ரரி. நாலுக்கும் அஸிங்க் (வேலையைத் தொடங்கிட்டு, காத்திருக்காம அடுத்ததுக்குப் போறது) போட்டிருக்கேன், ஆனாலும் திரை மெதுவாத்தான் நிறையுது.

பாலாற்றங்கரை: சோதனை சர்வரில் ஒவ்வொரு பதிலையும் 2 விநாடி தாமதப்படுத்துங்க. மொத்தம் 2 விநாடிக்குக் கொஞ்சம் மேல வந்தா இணையா ஓடுது. 8 வந்தா வரிசைதான். ஆனா அந்த சர்வரே ஒற்றைத் த்ரெட்டில் (ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும்) ஓடினா, ஆப் சரியா இருந்தாலும் 8தான் வரும். அதை முதல்ல பாருங்க. அஸிங்க் போட்ட அதே வரியில் அவெய்ட் (பதில் வரும்வரை காத்திருப்பது) இருக்கா? இருந்தா ஆற்காடு பதில் வந்த பிறகுதான் ராணிப்பேட்டைக்கே கேட்கும். நாலையும் தொடங்கிட்டு, கடைசியில் அவெய்ட்ஆல் போட்டு எல்லாத்துக்கும் சேர்த்துக் காத்திருங்க.

கோட்டை_கோடர்: நேரத்தை அளக்குற டெஸ்ட் மெதுவான மெஷினில் பொய் சொல்லும். மாக்வெப்சர்வரில் (டெஸ்டுக்கான போலி சர்வர்) 4 எண்ணிக்கையோட கவுண்ட்டவுன்லாட்ச் (எண்ணிக்கை பூஜ்யமாகும்வரை காக்க வைக்கும் பூட்டு) வைங்க. அந்தச் சர்வரில் பதிலைத் தீர்மானிக்கும் டிஸ்பேட்சருக்குள்ள ஒவ்வொரு ரெக்வெஸ்டும் ஒன்று குறைச்சுட்டு மத்ததுக்காகக் காத்திருக்கட்டும், அதிகபட்சம் 5 விநாடி. நாலும் வந்து சேர்ந்தாத்தான் பதில். வரிசையில் வந்தா முதல் ரெக்வெஸ்டே காலாவதியாகி டெஸ்ட் விழும். எனக்கு இதுதான் நம்பகமான வழி.

பாலாற்றங்கரை: நல்ல முறை. ஊர்களைக் கூட்டும்போது ஒன்று கவனம்: ரெட்ரோஃபிட்டுக்கு அடியில் இருக்குற ஓகேஹெச்டிடிபி ஒரே ஹோஸ்டுக்கு (சர்வர் முகவரிக்கு) ஒரு நேரத்தில் 5 ரெக்வெஸ்டுக்கு மேல் அனுப்பாது, எல்லா ஹோஸ்டுக்கும் சேர்த்து 64. ஆறாவது ஊர் வரிசையில் நிற்கும். அந்த 5-ஐ வைக்கும் மேக்ஸ்ரெக்வெஸ்ட்ஸ்பெர்ஹோஸ்ட் மதிப்பை உயர்த்தணும்.

காட்பாடி_ஆண்ட்ராய்டு: அவெய்ட் லூப்புக்குள்ளயே இருந்தது. வெளியே எடுத்ததும் 2.1 விநாடி. லாட்ச் டெஸ்டையும் சேர்த்துட்டேன். நன்றிங்க.